வடகவுஞ்சி ஏற்றத்தில் நீட்டிய சாவி

"டீச்சருக்கு எதுக்கு ரேஸ் காரு? அதுவும் கியர் வண்டி?" என்று என் கணவரே கேட்டார். பிடிவாதமாக அதைத்தான் வாங்கினேன்.

முதல் வாரமே வடகவுஞ்சி ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், மூன்று முறை எஞ்சின் அணைந்தது. கார் பின்னால் உருண்டது. பின்னாலேயே கேரட் ஏற்றப் போகும் லாரி. அதன் டிரைவர் இறங்கி வந்தார். அவமானத்தில் நானே சாவியை நீட்டினேன்.

"அண்ணே, நீங்களே ஏத்தி விட்டுருங்க."

அவர் வாங்கவில்லை. பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"ஒங்க வண்டிய நீங்க எடுங்கம்மா. கல்லு கெடக்கு, உருளாது. கிளச்ச மட்டும் வெரசா விட்டுறாதீங்க."

கார் சீறி ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன், அவர் அந்தக் கல்லை ஓரமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்றும் மலையேறும்போது, "குடு, நான் ஓட்டுறேன்" என்று கணவர் கை நீட்டுகிறார். ஒருமுறை சாவியை நீட்டிய வெட்கமே எனக்குப் போதும்.

"பெல்ட்டைப் போடுங்க" என்கிறேன்.