எருமப்பட்டியில் ஒரு சிட்டிகைப் பச்சைப் பொடி

வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நாமக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தென்காசியிலிருந்து மதுரை வந்து, அங்கே சேலம் பேருந்தைப் பிடித்து உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. எதிர்க் கடையில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து ஸ்டெல்லா கையை ஆட்டினாள்.

ஸ்டெல்லா சேலத்துக்காரி. ஐம்பத்து மூன்று வயது, என் வயதுதான். ஒரு ஆலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் வேலை. அகச்சிவப்பு நிறமாலையில் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறிய அறிவியல் கழகத்துக்கு அவள்தான் செயலாளர். நான் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கழகத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அதன் ஊர்ப் பயணத்தில் கலந்துகொள்வது இதுவே முதல் தடவை.

கழகம் என்றால் கட்டடமோ பெயர்ப்பலகையோ கிடையாது. மாதம் ஒருமுறை இணையத்தில் கூடிப் பேசுவோம். ஒரே பொருளின் மாதிரியைப் பொட்டலம் கட்டி எல்லோருக்கும் அனுப்பி, எல்லோருடைய கருவியும் ஒரே விடையைச் சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு சிறிய கருவிகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குப் போய், யார் எதைக் கொண்டுவந்தாலும் அளந்து சொல்வோம். கடைசி நாள் ஆண்டுக் கூட்டம்.

இந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு பொருளின் மேல் விழச் செய்தால், அந்தப் பொருள் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் விழுங்கிக்கொள்ளும். எதை எவ்வளவு விழுங்கியது என்பது திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக வரும். ஒரு பொருளின் கோடு இன்னொரு பொருளுக்கு வராது. அதை வைத்துத்தான் இது இன்னது என்று சொல்கிறோம்.

வேனில் ஏறியதும் ஸ்டெல்லாவை நன்றாகப் பார்த்தேன். முகம் பூரித்து, கன்னங்கள் உருண்டு, ஆளே மாறியிருந்தாள்.

“நல்லா சதை போட்டிருக்கியே!” என்றேன்.

“எல்லாரும் அதான் சொல்றாங்க. முட்டிவலியும் போயிடுச்சு கோமதி. போன வருஷம் மாடிப்படி ஏற முடியாம அழுதவ நான்.”

ஓட்டுநர் தங்கவேல் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். திருச்செங்கோட்டுக்காரர். பல வருடம் ரிக் வண்டி ஓட்டி, ஆழ்துளைக் கிணறு போட வட மாநிலங்கள் எல்லாம் சுற்றியவர். கழகத்தின் பயணத்துக்குத் தொடர்ந்து மூன்றாவது வருடமாக அவருடைய வேன்தான்.

முதல் நாள் மோகனூர். நாமக்கல்லிலிருந்து சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஒரு திருமண மண்டபத்தில் மேசை போட்டோம். கரும்பு விவசாயிகள் பாட்டில்களில் சாறு கொண்டுவந்தார்கள். ஒரு பெரியவர் தன்னுடைய கரும்பின் இனிப்பு அளவைக் கேட்டுவிட்டு, “இத நா நாக்குல வச்சே சொல்லியிருப்பேனுங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். மாலையில் காவிரிக் கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஒல்லியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாளைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எருமப்பட்டிக்குக் கிளம்பினோம். சாலையின் இரண்டு பக்கமும் நீள நீளமாகக் கோழிப் பண்ணைகள். முட்டை வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஒன்பதரைக்கெல்லாம் மண்டபத்தில் வரிசை நின்றுவிட்டது. எல்லோர் கையிலும் தீவனப் பை. தீவனத்தில் புரதம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, புரதம் கூடக் காட்ட யாராவது யூரியா கலந்து ஏமாற்றுகிறார்களா, இதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும். கோழியின் வாய்க்குள் போகும் ஒவ்வொரு கைப்பிடியையும் சந்தேகத்தோடு கொண்டுவந்து கொட்டினார்கள். ஸ்டெல்லா நின்ற இடத்தில் நின்றபடி பதினோரு மணி வரை நாற்பது பைகளைப் பார்த்து முடித்தாள்.

பதினொன்றே கால் இருக்கும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தீவனத்தைக் கொடுத்துவிட்டு, முடிவைச் சொன்ன பிறகும் நகராமல் நின்றாள்.

“இன்னும் என்னம்மா?” என்றேன்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து மடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். பெயர் எதுவும் இல்லாத உறை. அடியில் ஒரு சிட்டிகைப் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது.

“ஏனுங்க, இதயும் போட்டுப் பாக்கலாமுங்களா? எங்கூட்டுக்காரரு இடுப்பு வலிக்குக் குடிக்கறதுங்க. சந்தைல ஒரு வைத்தியரு குடுக்கறாரு. ரெண்டு வருஷமாக் குடிக்கறாரு. அந்த வைத்தியரு போன வாரம் வரலீங்க. பொடி தீந்து அஞ்சு நாளாச்சு. அதுலயிருந்து வாந்தி, எந்திரிக்கவே முடியல. இதுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா வேற எங்கியாச்சும் வாங்கிக் குடுப்பனுங்க.”

உறையைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மல்லிகா. உறையை உதறி, கிடைத்த பொடியைச் சிறிய கருவியின் தட்டில் வைத்து நான்தான் அழுத்தும் திருகாணியை இறக்கினேன். அரை நிமிடத்தில் கோடு வந்துவிட்டது. இலைப் பொடி என்றால் அகலமான, உருண்டையான மேடுகள்தான் வரவேண்டும். துளசியானாலும் வேம்பானாலும் அப்படித்தான். இந்தக் கோட்டில் அந்த மேடுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஊசி ஊசியாக வேறு முனைகளும் நீட்டிக்கொண்டிருந்தன. செடியிலிருந்து அப்படி வராது. ஆலையில் செய்த பொருள் நிறையக் கலந்திருந்தால்தான் வரும். கருவியின் நினைவில் உள்ள கோடுகளோடு ஒப்பிடச் சொன்னேன். திரையில் பெயர் வந்தது: டைக்ளோஃபெனாக். மருந்துக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரை. மாத்திரைகளை அப்படியே இடித்து இலைப் பொடியில் கொட்டியிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த மாதிரிக் கோடுகளை மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு கோட்டைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

“ரெண்டு வருஷமா?” என்று மறுபடியும் கேட்டேன்.

“ஆமாங்க. தெனம் ரெண்டு வேளைங்க.”

ஸ்டெல்லா, “ஊடு எங்க இருக்கு? உடனே போகணும்” என்றாள். வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூவரும் வேனில் ஏறினோம். தங்கவேல் வண்டியை எடுத்தார்.

இரண்டு கிலோமீட்டரில் மல்லிகாவின் வீடு. வீட்டை ஒட்டியே கோழிக் கொட்டகை. கயிற்றுக் கட்டிலில் அவள் கணவர் குப்புசாமி படுத்திருந்தார். நாற்பது வயதுதான் என்றாள். முகம் முழு நிலா மாதிரி உருண்டிருந்தது. அதற்குக் கீழே கையும் காலும் குச்சி குச்சியாக இருந்தன. முழங்கையில் அடிபட்டது போலக் கருநீலத் திட்டுகள். மல்லிகா கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார்.

“எந்திரிக்கறேன் சாமி, தீவனம் வைக்கோணும்” என்றார். எழுந்திருக்கவில்லை. கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

தங்கவேலும் பக்கத்துக் கொட்டகையிலிருந்து வந்த ஒருவரும் அவரைத் தூக்கி வேனின் பின் இருக்கையில் கிடத்தினார்கள். நாமக்கல் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. வழி முழுவதும் மல்லிகா அவருடைய கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருடைய செருப்புகளை ஏன் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன் என்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், உடனே ஊசி போடச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் வந்தார். நான் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்த கோட்டைக் காட்டி, கண்டுபிடித்ததைச் சொன்னேன்.

“இது மட்டும் இல்லைங்க மேடம்” என்றார். “வலி மாத்திரையால முகம் இப்படி ஆகாது. ஸ்டீராய்டும் இருக்கணும். அது கொஞ்சமாக் கலந்தாலே போதும். உங்க மெஷின்ல தெரிஞ்சிருக்காது.”

அவர் சொன்னது சரி. நூற்றில் இரண்டு மூன்று பங்குக்குக் கீழே இருப்பதை எங்கள் சிறிய கருவி பார்க்காது. அது எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம்தான். மேசை முன் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

“வெளியிலிருந்து வருஷக்கணக்கா ஸ்டீராய்டு போனா, உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்திடும். திடீர்னு வெளியிலிருந்து வர்றதும் நின்னுட்டா இப்படித்தான் விழுந்துடுவாங்க. இன்னும் அரை நாள் விட்டிருந்தா…” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். நான் திரும்பினேன். பின்னால் ஸ்டெல்லா நின்றிருந்தாள்.

“நீங்க எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?” என்று மருத்துவர் அவளிடம் கேட்டார்.

ஸ்டெல்லா தோள்பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெயர் இல்லாத உறை. பாதிக்கு மேல் பச்சைப் பொடி.

“பதினோரு மாசம்” என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முந்தைய நாள் காலையில் அந்த முகத்தைத்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொன்னது ஒரு வேதியியல் ஆசிரியை. அவளுடைய ஆலையில், கழகத்தில், தேவாலயத்தில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

வாசல் பக்கம் நின்றிருந்த தங்கவேல் உள்ளே வந்தார். உறையைப் பார்த்தார். “நாந்தானுங்க வாங்கிக் குடுத்தேன்” என்றார் மருத்துவரிடம். “போன வருஷம் இந்தம்மா நடக்க முடியாமக் கஷ்டப்பட்டாங்க. எங்க மச்சான் இதக் குடிச்சு நல்லாயிட்டாரு. அதனால மாசாமாசம் சேலத்துக்கே கொண்டாந்து குடுத்தனுங்க. நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க குடுத்தேன்.”

“உங்க மச்சான் இன்னும் குடிக்கறாரா?” என்று மருத்துவர் கேட்டார்.

அதற்குள் தங்கவேல் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்.

ஸ்டெல்லா உறையைக் குப்பைக் கூடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் சத்தம் போட்டே தடுத்தார். “தூக்கிப் போடாதீங்க! நிறுத்தவும் கூடாது, நீங்களா சாப்பிடவும் கூடாது. இன்னைக்கே இரத்தம் எடுக்கணும். சரியான அளவு மாத்திரை எழுதித் தர்றேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாசக்கணக்கா ஆகும்.”

அப்போதுதான் ஸ்டெல்லா அழுதாள். “தினமும் மத்தவங்க கொண்டுவர்ற சாமான் எல்லாத்தையும் அந்தத் தட்டுல வைக்கிறேன் கோமதி. ஒரு நாளாவது இதை வைக்கணும்னு தோணலையே எனக்கு” என்றாள்.

மாலை ஐந்து மணிக்குக் குப்புசாமி கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். அடுத்து, கோழிக்குத் தீவனம் வைத்தாயிற்றா என்று கேட்டார். மல்லிகா சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருத்துவர் ஸ்டெல்லாவின் உறையையும் எங்கள் அறிக்கையையும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்ப எழுதி வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சேலத்தில் ஒரு கல்லூரி அரங்கத்தில் ஆண்டுக் கூட்டம். நாமக்கல்லிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தன் மச்சான் இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்று தங்கவேல் வழியில் சொன்னார்.

அரங்கத்தில் முப்பது பேர் இருந்தோம். ஸ்டெல்லா கோழித் தீவனத்தைப் பற்றிப் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மேடையேறியதும் அதை எடுத்துவிட்டு, தன் உறையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு சிட்டிகையை இரவில் கருவியில் அளந்தபோது வந்த ஒரே ஒரு கோட்டைத் திரையில் போட்டாள். ஊசி முனைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினாள். எதெல்லாம் இந்தக் கருவிக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

முன் வரிசையில் ஒருவர், “மாதிரியைக் கொடுத்தது யார் மேடம்?” என்று கேட்டார்.

“நான்தான். பதினோரு மாசமா சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

முன் வரிசைக்காரர் எழுந்தார். முனைவர் பட்டம் வாங்கியவர், ஓய்வுபெற்ற விஞ்ஞானி. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். “சர்க்கரைக்குச் சாப்பிடறேன். இதையும் பார்த்துடலாமா?” என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் உடல் மெலிய வைக்கும் பொடியோடு. அவருக்குப் பின்னால் இன்னும் ஒருவர். நான் எண்ணிப் பார்த்தேன். முப்பது பேரில் ஒன்பது பேர். எல்லோரும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காண்பதே வேலையாக இருப்பவர்கள்.

பத்தாவது ஆளாக நான் போய் நின்றேன். தூக்கம் வருவதற்காக நான்கு வருடமாக நான் சாப்பிடும் சூரணம் என் பெட்டியில் இருந்தது. ஸ்டெல்லா என் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தாள். உருண்டையான மேடுகள் மட்டும் வந்தன. “தெரியற வரைக்கும் இலைதான்” என்றாள். மற்ற ஒன்பதில் இரண்டில் ஊசி முனைகள் இருந்தன.

பிற்பகல் மூன்று மணிக்கு மதுரைப் பேருந்தில் ஏறினேன். சன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காடுகளும் லாரிப் பட்டறைகளும் போய்க்கொண்டிருந்தன. எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் எங்கள் ஊர்ச் சந்தைக்குப் போனேன். சூரணம் விற்பவர் எப்போதும் போல வேப்பமரத்தடியில் விரித்திருந்தார். “என்னக்கா, பொடி தீந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டே உறையை எடுத்தார்.

“இதுல என்னென்ன சேக்கீங்க?” என்று கேட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. நான்கு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.