அம்மா தெரிந்தெடுத்த படம்

எங்கள் வீட்டில் ஒரு படம் எங்களிடம் வந்து சேருவதற்கு முன் அம்மாவைத் தாண்டி வரவேண்டும். அது லேசான காரியமில்லை. ஜெர்மனியில் டிவிடி உறையின் மூலையில் ஒரு நிறச் சதுரம் இருக்கும். பச்சையென்றால் பன்னிரண்டு வயது, நீலமென்றால் பதினாறு. அம்மா அந்த வயதோடு தன் பங்குக்கு இரண்டைக் கூட்டிக்கொள்வார். கணக்கு எப்போதும் இளையவளான என் வயதுக்குத்தான். இதனால் பதினைந்து வயது அண்ணா, பேசும் முயல்களையும் பாடும் மீன்களையும் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் பல்லைக் கடித்தபடி இருந்தான்.

அப்படியும் ஏதாவது படத்தில் யாராவது யாரையாவது முத்தமிடப் போனால், அம்மா துடைக்கிற துணியோடு எழும்பிவிடுவார். டீவிக்கு நேர் முன்னால் நின்று, முத்தம் முடியும்வரை கண்ணாடியைத் துடைப்பார். ஆஹென் நகரத்திலேயே எங்களுடையதுபோல் சுத்தமான டீவி இருந்திருக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த வசந்தத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போராட்டத்தில் இறங்கினோம். இனிமேல் பெரிய ஆட்களின் படம்தான் பார்ப்போம் என்றோம். அண்ணா ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தான். வங்கிக் கொள்ளை, கார் துரத்தல், ஒரு பேய். அம்மா பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பெரிய ஆக்களின்ர படம்தானே? பாப்பம். ஆனா படத்தை நான்தான் எடுப்பன்."

இவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்தது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் எதையும் நாங்கள் தேடவில்லை. வென்றவர்கள் காரணம் தேடுவதில்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்தான் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். அப்பா பிஸ்கட் தொழிற்சாலையில் முறை வேலை, சனிக்கிழமைகளும் பகலில் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அங்கே பத்து நாட்டுப் பெண்கள் பத்து விதமாக ஜெர்மன் பேசினார்கள். அம்மாவின் டொச் (ஜெர்மனை வீட்டில் அப்படித்தான் சொல்வோம்) அந்தப் பத்தும் கலந்தது. ஆகவே பள்ளிக்கூடக் கடிதம், வீட்டுக்கார அம்மாவின் முறைப்பாடு, தெர்மின் என்று நாங்கள் சொல்லும் டொக்டர் சந்திப்பு, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கைத்திறமையும் வந்திருந்தது. "உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள்" என்று ஆசிரியை சொன்னதை, "நான் வகுப்பில நல்லாப் பங்குபற்றுறனாம்" என்று மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அம்மா பேசும்போது பிழை வந்தால் உடனே திருத்துவேன். டாக்சியில், கடையில், ஆட்கள் முன்னாலும் திருத்துவேன்.

அந்த வசந்தத்தில் அம்மா மூன்று தெர்மினுக்கு என்னைக் கூப்பிடாமல் போனார். "கீழ்வீட்டு அக்கா வாறா. நீ வரத் தேவையில்லை" என்றார். எனக்கு மூன்று பின்னேரங்கள் மிச்சம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அம்மா தன் பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தார். நகர நூலகத்தின் முத்திரை ஒட்டியது. மூலையில் பச்சைச் சதுரம். உறையில் ஒரு பெண் ட்ராமின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கொள்ளையுமில்லை, பேயுமில்லை.

"இது என்ன படம்?" என்றான் அண்ணா.

"பெரிய ஆக்களின்ர படம். இருங்கோ ரெண்டு பேரும்."

தானும் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

பதினைந்தாவது நிமிடத்தில் ட்ராம் ஓட்டுகிற பெண்ணும் அவள் கணவனும் சமையலறையில் முத்தமிட்டார்கள். நீளமான முத்தம். அண்ணாவும் நானும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா எழும்பவில்லை. துணி அவர் மடியில் கூட இல்லை. எனக்கு அந்த முத்தத்தை முழுதாகப் பார்க்க வெட்கமாகப் போய்விட்டது.

அதன்பிறகு அந்தப் பெண் ஒரு டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். அம்மா திரும்பி என்னைக் கேட்டார்.

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

டொக்டர் "கிரெப்ஸ்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லுக்கு நண்டு என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் டொக்டர்மார் நண்டைப் பற்றிப் பேச ஆளைக் கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் அக்கா, யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் பெரியம்மா, முந்தின வருடம்தான் அதே நோயில் செத்துப்போயிருந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரில்லை. தொலைபேசியில் கூட "அந்த வருத்தம்" என்றுதான் சொல்வார்கள். பெரியம்மா போன பிறகு அம்மா பல நாட்கள் சமையலறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்தார்.

நான் ஒரு நொடியில் முடிவெடுத்தேன்.

"வயித்தில புண்ணாம், அம்மா."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "வடிவாக் கேட்டனியோ?"

"ஓம்."

அவர் அண்ணாவின் பக்கம் திரும்பினார். அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டு, "அல்சர்" என்றான்.

ஒரு பொய்யைச் சொல்வது சுலபம். அதை ஒன்றரை மணித்தியாலம் ஓட்டுவது கடினம். ட்ராம் பெண் வைத்தியசாலையில் படுத்தாள். அல்சருக்கு ஒப்பரேசன் என்றேன். அவளுக்குத் தலைமயிர் கொட்டியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள் கணவன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். வேலை போய்விட்டதாம் என்றேன். நான் விடுவதாயில்லை. அம்மாவும் விடுவதாயில்லை. ஒவ்வொரு இடத்திலும் "இப்ப என்ன சொல்லுறாள்?", "அதுக்கு அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விகளின் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. எனக்கு அது படத்தில் லயித்துப்போன குரலாகப் பட்டது.

ஓரிடத்தில் படத்தின் சின்ன மகள் தாயின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "நீ செத்துப் போவாயா?" என்று கேட்டாள்.

"பிள்ளை என்ன கேக்குது?" என்றார் அம்மா.

"இண்டைக்கு என்ன சாப்பாடு எண்டு."

"தாய் என்ன சொல்லுறா?"

"நூடில்ஸ் எண்டு."

அம்மா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். பிறகு எழும்பித் தேத்தண்ணி போடப் போனார். "மிச்சம் பிறகு பாப்பம்" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

அறைக்குள் போனதும் அண்ணா கதவைச் சாத்தினான். "ஏன் பொய் சொன்னனீ?"

"பெரியம்மாவ நினைச்சு அழுவா."

அவன் முகம் வெளிறியிருந்தது. அதையும் நான் பொய்யில் மாட்டிக்கொண்ட பயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

மிச்சப் படம் என் தலைக்குமேல் கத்திபோல் தொங்கியது. கடைசியில் அந்தப் பெண் செத்தால் அதை எந்த அல்சரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் முடிந்ததும் டிவிடியைப் புத்தகப்பையில் ஒளித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். திருப்பிக் கொடுக்க அட்டை தேவையில்லை. மேசையில் இருந்த நரைத்த தலைமயிர்க்காரப் பெண் டிவிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு அது உதவியாக இருந்ததா என்று ஜெர்மனில் கேட்டார்.

ஒரு படம் எப்படி உதவும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்கு, மிகவும் உதவியாக இருந்தது, நன்றி என்றேன். அவர் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். ஜெர்மன்காரர் சும்மா தோளில் கை வைப்பதில்லை. படத்தை நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்ததற்கான பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் அம்மா டிவிடியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்றே இருந்தேன்.

சனிக்கிழமை காலை அம்மா மழை அங்கியைப் போட்டுக்கொண்டு தனியாக வெளியே போனார். பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, நடந்தே போய், நடந்தே வந்தார். நனைந்த பையிலிருந்து அதே டிவிடியை எடுத்து மேசையில் வைத்தார். ஏசவில்லை. ஏன் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்றும் கேட்கவில்லை.

"இந்தப் படத்தை நாங்கள் வடிவாப் பாக்கேல்லை. திரும்பப் பாப்பம்."

"எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். வந்து இரு."

இந்த முறை அவர் எங்களுக்கு நடுவில் உட்காரவில்லை. ரிமோட்டோடு டீவிக்குப் பக்கத்தில் நின்றார். திரையின் அடியில் ஜெர்மன் எழுத்துகள் ஓடும்படி செய்திருந்தார். படத்தை நேரே அந்த டொக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். டொக்டரின் வாய் பாதி திறந்திருந்தது. அம்மா எழுத்துகளின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அவருடைய உச்சரிப்பில் இரண்டு பிழை இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் திருத்தவில்லை.

"இது அல்சர் இல்லை" என்றார். "கிரெப்ஸ். எனக்கும் அதுதான்."

டீவியின் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அண்ணா அழத் தொடங்கிவிட்டான். வைத்தியசாலைக் கடிதம் ஒன்றை அவன் இரண்டு கிழமைக்கு முன்பே பார்த்திருந்தான் என்பதை அப்போதுதான் சொன்னான்.

அம்மா படத்தை முன்னே ஓட்டினார். கட்டிலில் ஏறி உட்கார்ந்த பிள்ளையிடம் வந்து மறுபடியும் நிறுத்தினார்.

"இதில நூடில்ஸ் எங்கயும் இல்லை" என்றார் என்னைப் பார்த்து. "அந்தப் பிள்ளை கேட்டதை இப்ப நீ கேள்."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் காத்திருந்தார். வேறு எதற்கும் இல்லாத பொறுமையோடு, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். கடைசியில் அண்ணாதான் கேட்டான்.

"நீங்கள் செத்துப் போவீங்களோ?"

"தெரியாது" என்றார் அம்மா. "நேரத்தோட பிடிச்சிட்டம் எண்டு டொக்டர் சொல்லுறார். திங்கக்கிழமை ஒப்பரேசன். அதுக்குப் பிறகு மருந்து ஏத்துவினம். தலைமயிர் கொட்டும். நான் எல்லாத் தெர்மினுக்கும் போவன். ஒண்டையும் விடமாட்டன். உங்களுக்கு ஒளிக்கவும் மாட்டன். இவ்வளவும்தான் எனக்குத் தெரியும்."

அப்பா வேலை முடிந்து வந்தபோது நாங்கள் மூவரும் சோபாவில் ஒன்றாகக் கிடந்தோம். பள்ளிக்கூட அறிக்கை வரும்வரை பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய கட்சி. அம்மா தலையை நிமிர்த்தி, "சொல்லிப்போட்டன்" என்றார். அப்பா வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்த்து முடிக்க நெடுநேரம் பிடித்தது.

திங்கட்கிழமை மார்பில் ஒப்பரேசன் நடந்தது. கோடை முழுவதும் மருந்து. தலைமயிர் கொட்டியபோது அம்மா ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பியைத் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டார். கறுப்புத் தொப்பியை எங்களைத் தொடவே விடவில்லை. தெர்மின்களுக்கு மறுபடியும் நான் போனேன், ஒரேயொரு நிபந்தனையோடு: "அவை சொல்லுறதைச் சொல்லுறபடி சொல்லோணும்." சொன்னேன். சில நாட்களில் என் குரல் நடுங்கும். அம்மா நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்து, அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்வார். அவர் தப்பினார். இன்று அரைநாள் வேலைக்குப் போகிறார், மிச்ச அரைநாள் என்னை ஏசுகிறார்.

அந்த இரண்டாவது சனிக்கிழமை நான் அம்மாவோடு சண்டை பிடித்ததையும் சொல்ல வேண்டும். அழுது முடிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவருக்குப் பின்னால் சமையலறைக்குப் போய்க் கத்தினேன்.

"ஏன் நேர சொல்லேல்லை? ஏன் படம் போட்டுக் காட்டினனீங்கள்?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லப் பாத்தனான். மூண்டு தரம் உங்கட அறை வாசலில வந்து நிண்டிட்டுத் திரும்பிப் போனனான்."

"அப்ப சொல்லியிருக்கலாம்தானே?"

"டொக்டர் டொச்சில சொல்லேக்க பேசாமக் கேட்டுக்கொண்டு இருந்தனான். திருப்பிக் கேள்வியும் கேட்டனான். அதைத் தமிழில சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"டொச்சிலயாவது சொல்லியிருக்கலாமே."

"டொச்சில சொன்னா நீ திருத்துவாய்" என்றார்.

நான் காலால் கதவை உதைத்துவிட்டு வெளியே வந்தேன். அம்மாவுக்குச் சுலபமான மொழி தமிழ்தான் என்பதில் அன்று எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் ஒருவருக்கு ஒரு சொல் வராமல் போகுமா? ஏதோ சாக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.