முதலில் மீன், அப்புறம் கால்

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. சேர்ந்தபோது தலை கறுப்பு, இப்போது மருதாணிச் சிவப்பு. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் கம்ப்யூட்டரில் பெயர் பதிவது எப்படி என்று கேட்கிறார்கள். அது அரை நாளில் வந்துவிடும். சுலபத்தில் வராத சங்கதி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் போர்டில் ‘மாலை 6 முதல் 9 வரை’ என்று இருக்கும். ஆபீஸ் போய் வருகிறவர்களுக்குத் தோதான நேரம். எங்கள் ஏரியாவில் அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹார்பரில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர் அப்போதுதான் பஸ் ஏறுவார். கண்டெய்னர் லாரி டிரைவர் ஹார்பர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு போன் போடுவார்: “யக்கா, எனக்கு முன்னாடி எத்தினி பேரு கீறாங்க? இங்க எனக்கு முன்னாடி இருவது வண்டி கீது.” இரண்டு வரிசையில் எது முதலில் நகரும் என்று என்னைக் கேட்டால், நான் யாரைக் கேட்பது? நேரம் கிடைக்காத ஆண்கள் பெண்டாட்டியை அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மா உள்ளே போய், அவருக்கு முதுகு வலி என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டுவார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

தனம் அக்காவுக்கு அப்படி அனுப்பவும் ஆளில்லை.

வராத பேஷன்ட்

தனம் அக்கா மீன் விற்கிறவர். ராத்திரியே எழுந்து காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, விடிந்ததும் அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மதியம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்போது படுத்துவிடுவார். நாங்கள் ஷட்டரைத் தூக்கும் நேரம் அவருக்கு நடுச்சாமம்.

அவருக்கு சுகர் உண்டு. ஒருநாள் மதியம் நான் கிளினிக்கைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வந்து, கால் கட்டைவிரலில் புண் என்றார். மீன் தண்ணி படக் கூடாது என்று பாலிதீன் கவர் சுற்றியிருந்தார். பிரித்தால் விரல் நுனி கறுத்திருந்தது. என் மாமியாருக்கு இப்படித்தான் ஆரம்பித்து, பாதிக் கால் போனது.

அன்று மாலைக்கு டோக்கன் போட்டேன். வரவில்லை. மறுநாளும் போட்டேன். போன் செய்தால் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்து, அது தூங்குது, எழுப்பினா திட்டும் என்றாள். பெரியாஸ்பத்திரிக்காவது போங்கள் என்றால், அங்கே ஓ.பி. சீட்டு தருகிற நேரம்தான் இவருக்கு வியாபாரம்.

“ஒரு நாளு வுட்டா மீனு நாறிப்பூடும்மே. காலு எங்க போவப்போவுது?” என்றார்.

போய்விடும் என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கூடையோடு போகிற வழியில் காட்டிவிட்டுப் போவார், காலையில் ஒரு அரை மணி பேஷன்ட் பார்க்கக் கூடாதா என்று டாக்டரிடம் கெஞ்சினேன். டைம் போர்டில் இருக்கிறது, காலையில் தனக்கும் வேலை இருக்காதா என்றார். என்ன வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

டாக்டருக்குக் காலையில் என்ன வேலை

ஒருநாள் டாக்டர் கிளினிக் சாவியை மறந்து எடுத்துப் போய்விட்டார். வாங்கி வரலாம் என்று காலையிலேயே தண்டையார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் லுங்கியோடு வாசற்படியில் குந்தியிருந்தார். எதிரே அன்னக்கூடை. அந்தப் பக்கம் தனம் அக்கா. பல வருஷமாக அங்கே வாடிக்கையாம்.

டாக்டர் ஒரு சங்கரா மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். முகர்ந்தார். கிளினிக்கில் ஒரு மனுஷரை இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. கூடையை ஒட்டி, அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், பாலிதீன் கவர் சுற்றிய கால்.

“செவுளு கறுத்துப் போச்சேம்மா” என்றார் டாக்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், மீன் நல்லாத்தான் இருக்கு. அந்தக் காலைப் பாருங்க.”

தனம் அக்கா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். யாவாரத்துக்கு நடுவில் கால் கதையை ஏன் எடுக்கிறாய் என்று என்மேல் பாய்ந்தார். தினமும் பார்க்கிறவரிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

“கால காட்டிட்டு, அப்பால நா எப்டிமே வெல சொல்றது? வைத்தியம் பண்ண மனுசன் கொறைச்சுக் கேட்டா கொறைக்கணும்ல?”

ஐயா லுங்கியில் இருக்கும்போது டாக்டர் இல்லை, மீன் வாங்குகிற கிராக்கி. இதற்காகத் தனம் அக்கா ஒரு விரலையே விடத் துணிந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

டாக்டர் மீனைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார். கை கழுவி டார்ச்சோடு வந்து, கவரைப் பிரித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், இப்போதும் உறுதி சொல்ல முடியாது, தினமும் டிரெஸ்ஸிங் பண்ண வேண்டும் என்றார். சாயங்காலம் வரச் சொல்ல வாயெடுத்தவர், நான் முறைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தனம் அக்கா ஒரு கண்டிஷன் போட்டார். “மொதல்ல மீனு. காசு கைக்கு வந்தப்பறம்தான் காலு.”

அப்படியே நடந்தது. பேரம் முடிந்த பிறகு அதே படியில் ஊசி, மருந்து, கட்டு. சேதி பரவி, மற்ற மீன்காரப் பெண்களும், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும், கொடுங்கையூர் குப்பை லாரி டிரைவர்களும் படிக்கு வர ஆரம்பித்தார்கள். கூடைகளை மோப்பம் பிடித்துப் பூனைகளும் வந்தன. டாக்டர் வீட்டம்மா வெளியே எட்டிப் பார்த்து, இது வீடா மார்க்கெட்டா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அடுத்த வாரமே கூட்டம் கிளினிக்குக்கு மாறியது; பெயிண்டர் வந்து போர்டில் ஒரு வரி சேர்த்தார்: காலை 6 முதல் 7½ வரை.

அன்றிலிருந்து யாரிடமும் நான் “எப்போ வருவீங்க?” என்று கேட்பதில்லை. போர்டில் இருக்கிற நேரத்தைச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். “எப்போ தூங்குவீங்க?” என்றுதான் கேட்கிறேன். புதிதாக வருகிற பெண்கள் வெட்கப்படாமல் இதைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

விரல் தப்பியது. புதுத் தோல் மூடிவிட்டது, இனி கட்டு வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று என் கண் கலங்கிவிட்டது. தனம் அக்கா விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் டாக்டர் மெதுவாக, இன்றைக்கு வஞ்சிரத்தை மட்டும் கொஞ்சம் விலை பார்த்துப் போடக் கூடாதா என்று கேட்டார்.

“அது வேற, இது வேற நைனா” என்று தனம் அக்கா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றி நடந்து போனார்.