பாதி மலையில் திரும்பிய அந்தோனி மாஸ்டர்

வாசலில் காலை நீட்டி முட்டிக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுகுமாரின் அழைப்பு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது றக்வானையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். "சேர், அந்தோனி மாஸ்டர் தவறிட்டாருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காந்தவரு, அப்படியே போயிட்டாரு" என்றான். எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் மறுபடியும் உட்கார்ந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். அது ஏன் என்று, அவரை அறிந்த தோட்டத்து ஆட்களான உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள்தான் நம்பவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் அதிபர், அவர் கணித ஆசிரியர். ஒவ்வொரு யாத்திரை சீசனிலும் பழைய மாணவர்களைத் திரட்டிக்கொண்டு பாவாத மலை, அதுதான் சிவனொளிபாத மலை, ஏறுவது அவர் வழக்கம். வேதக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், "உங்களுக்கு சிவன் பாதம், எங்களுக்கு ஆதாம் பாதம், சிங்கள ஆளுகளுக்கு புத்தர் பாதம். கால் வலி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதானே சேர்" என்பார். யாத்திரைக் கூட்டத்தை முன்நின்று நடத்துகிறவரைச் சிங்களத்தில் 'நடே குரா' என்பார்கள். எங்கள் பையன்களும் அவரை அப்படியேதான் அழைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

என் வலது முழங்கால் மூட்டை மாற்றிச் சத்திரசிகிச்சை செய்த பிறகு நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கடந்துதான் ரோட்டுக்குப் போக வேண்டும். அத்தனை பெண்கள் முன்னால் அதிபர் கோலூன்றித் தத்தித் தத்திப் போவதா? அந்தோனி மாஸ்டர் ஒரு நாள் தானும் ஒரு கோலோடு வந்தார். "வழுக்கி விழுந்துட்டேன் சேர், துணைக்கு வாங்க" என்று நொண்டி நொண்டி என்னோடு நடந்தார். தோட்டமே அவருக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்தது. என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் நேராக நடந்து தண்ணீர் எடுத்துக் குடித்த மனிதரைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. "மூட்டுதானே புதுசு, ஆள் பழைய ஆள்தானே. மெதுவா வருவீங்க" என்று சிரித்தார்.

சிறு மேடுகள் ஏறிப் பழகினேன். மலைக்கு அவசரப்பட வேண்டாம் என்றார் வைத்தியர். ஆனால் அந்த சீசனில் பையன்கள் கூப்பிட்டதும், முந்திக்கொண்டு தலையாட்டினேன். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை, நீளம், செங்குத்து. அந்த மலையில் ஒரு நியதி உண்டு. களைப்பு என்றோ, இன்னும் எவ்வளவு தூரம் என்றோ, ஏலாது என்றோ யாரும் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பாதி வழியில் மூட்டு வீங்கிக் காற்சட்டையை இறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு படியைப் பார்த்தே ஏறினேன்.

முன்னால் போன அந்தோனி மாஸ்டர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி படியில் உட்கார்ந்துவிட்டார். "தம்பிமாரே, எனக்கு ஏலாதுப்பா! மூச்சு வாங்குது. நான் எறங்குறேன். சேர் கூட வரட்டும், வேற யாரையும் நம்பி நான் எறங்க மாட்டேன்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பையன்கள் திகைத்துப் போனார்கள். நடே குராவே அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன செய்வது?

இறங்கும்போது அவர் எனக்கு ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுத்தார். பார்ப்பவர்களுக்கு நான் அவரைத் தாங்கி வருவதுபோல் இருந்தது. ஏறிவந்த சிங்கள அம்மா ஒருவர், "அனே, மஹத்தயா" என்று இரங்கி, அவருக்குத்தான் பெலிமல் என்ற வில்வப்பூத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

ஏலாமல் போனது எனக்குத்தான் என்று அந்த வாரமே பையன்களிடம் உண்மையைச் சொன்னேன். "சேரோட மனசு யாருக்கு வரும்!" என்றான் சுகுமார். சொல்லச் சொல்ல என் மதிப்புத்தான் கூடியது. நீங்களே சொல்லுங்கள் என்று அந்தோனி மாஸ்டரிடம் கெஞ்சினேன். "நான் சொன்னா சாக்கும்பாங்க, நீங்க சொன்னா பெருந்தன்மைம்பாங்க. விடுங்க சேர்" என்றார். பாதியில் திரும்பியவர் பின்னால் கூட்டம் ஏறாது. அடுத்த சீசனில் சுகுமார் நடே குரா ஆனான். வேன் புறப்பட்டபோது நாங்கள் இருவரும் ரோட்டோரம் நின்றோம். மாஸ்டருக்காகத்தான் நானும் போகவில்லை என்று ஊர் பேசியது. வேன் வளைவில் மறைந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அடக்கத்தன்று மழை. கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. "சேர் தோள் கொடுக்கட்டும்" என்று மரியாதையாக முன்பக்கத்தை விட்டுக் கொடுத்தார்கள். மறுக்க வாய் வரவில்லை. பாதிச் சரிவில் களிமண்ணில் மூட்டு மடங்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோரும் பதறிப் பிடித்தார்கள்.

"எனக்கு ஏலாதுடா!" என்று கத்தினேன்.

சுகுமார் ஓடிவந்து என் இடத்தில் தோளைக் கொடுத்தான். மழையில் என்னையே பார்த்தான். "அப்ப அன்னைக்கு மலையில... சேர் சொன்னது நெசமா?"

"நெசம்டா."

தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு சுகுமார், பெட்டிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "எல்லாரும் ஒதுங்கி பின்னுக்கு வாங்க. நடே குரா முன்னுக்குப் போகட்டும்."

எல்லோருக்கும் பின்னால், ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'ஏலாது' என்ற அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்கு அவர் சாக வேண்டியிருந்தது.