ராணி ஏறி நின்ற கல்

2002 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு சென்னை ரயில் என்னைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. மர்பி டவுனில் தங்கை வீட்டில் காபி குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு தனராஜ் வந்து நின்றார். இருபது வருஷம் சர்க்கஸில் சிங்கம் பழக்கியவர். சர்க்கஸில் சிங்கம் கூடாதென்று ஆனபின், அவருடைய ராணியைப் பன்னேர்கட்டா காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து மனிதருக்கு வேலை இல்லை.

“அங்க ஒரு ஆள் வேணுமாம் சார். ராணி என்னை அடையாளம் கண்டுக்கிச்சுன்னா எடுத்துக்கறேன்னு ஆபீசர் சொல்லியிருக்கார். கூட வாங்க, எனக்குக் கை கால் ஓடல” என்றார்.

சிங்கத்தின் வாயில் தலை கொடுத்த மனுஷனுக்குக் கை கால் ஓடவில்லையாம்! கிளம்பினேன்.

ஒன்பதரை மணி. மெஜஸ்டிக்கிலிருந்து பஸ், இருபத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். வழியெல்லாம் ராணி புராணம்தான். குட்டியில் புட்டிப்பால் கொடுத்ததையே மூன்று தடவை சொல்லிவிட்டார். “எம்மேல உயிர் சார் அவளுக்கு.”

பதினொன்றரை. வேலிக்குள் மரத்தடியில் ராணி நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தாள். சர்க்கஸ் கூண்டு வண்டியில் அப்படி நீட்டிப் படுக்க இடமே இருந்ததில்லை என்று தனராஜே சொன்னார். ஆபீசர் கூப்பிடச் சொன்னார்.

“ராணீ!”

காது விறைத்தது. எழுந்தாள். ஓடி வருவாள் என்று பார்த்தால், வேலிப்பக்கமே வரவில்லை. முக்காலி அளவு ஒரு கல் அங்கே கிடந்தது. அதன்மேல் ஏறி, கால்களை ஒடுக்கி நின்று, வலது முன்காலைத் தூக்கினாள். சர்க்கஸில் ஸ்டூல்மேல் நின்று செய்த அதே வணக்கம். ஆபீசர் கைதட்டினார். ஆளைத் தெரிகிறது, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள் என்று கன்னடத்தில் சொன்னார்.

தூக்கிய கால் இறங்கவில்லை. நடுங்க ஆரம்பித்தது.

“நான் ‘டவுன்’னு சொல்லாம எறங்க மாட்டா சார்” என்றார் தனராஜ். “எறங்கினா அடி விழும். நான்தான் அப்படிப் பழக்கினேன்.” அதைச் சொன்னவர் அவள் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்லுய்யா!” என்று கத்திவிட்டேன்.

“டவுன்.”

ராணி இறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் வேலியின் அந்தக் கோடிக்குப் போய்ப் பதுங்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பேடா சார், ஈ கெல்சா நனகே பேடா” என்று ஆபீசரிடம் சொல்லி, முன்பே கொடுத்திருந்த வேலை மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டார் தனராஜ். வேலை வேண்டாமாம். “பாசம்னு நெனச்சேன் சார். பயம். நான் இங்க இருந்தா தெனமும் அவ கல்லுமேல ஏறிக்கிட்டேதான் இருப்பா” என்றார் என்னிடம்.

இரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினோம். இந்தத் தடவை நான்தான் வாயைத் திறந்தேன். எங்கள் சென்னைப் பக்கம் கடற்கரையில் மகளோடு டால்பின் காட்சி பார்த்ததைச் சொன்னேன். அவை வளையம் தாண்டியபோது, ‘எவ்வளவு சந்தோஷம் பாரு அதுங்களுக்கு’ என்று அவளிடம் சொல்லி, கை வலிக்கத் தட்டியவன் நான்.

“குதிச்சதும் மீன் போட்டாங்களா சார்?”

“போட்டாங்க.”

“குதிக்கலன்னா?”

எனக்குத் தெரியவில்லை. அன்று கேட்கவும் தோன்றவில்லை. ஊருக்குப் போனதும் மகளை உட்காரவைத்து, அப்பா சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.