பிளவுஸுக்குள் அடங்காத தோள்

எங்கள் வீட்டுக் குளியலறையில் நிறை பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. காலையில் நான் அதில் ஏறினால், கூடிவிட்டதே என்று பெருமூச்சு விடுவேன். எனக்குப் பின்னால் மகள் நிலானி ஏறுவாள். குறைந்துவிட்டதே என்று அவள் பெருமூச்சு விடுவாள். கனடாவின் அஜக்ஸ் நகரத்தில் எங்கள் தெருவில் இருக்கிற தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர், உடம்பைக் குறைப்பதற்காகக் குளிர்காலம் முழுவதும் மோல் கடைத்தொகுதிக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். என் மகளோ விடிந்ததும் முட்டை, கொஞ்சம் பொறுத்து ஓட்ஸ், மத்தியானம் கோழி, பின்னேரம் மறுபடியும் கோழி என்று கடமைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். பசித்துச் சாப்பிடுகிற பிள்ளைகளைத்தான் நான் அறிவேன். வேலைக்காகச் சாப்பிடுகிற பிள்ளையை இந்த நாட்டில்தான் பார்த்தேன்.

அவளுடைய வேலை றக்பி. கண்டியிலும் கொழும்பிலும் பெரிய பள்ளிக்கூடத்துப் பொடியன்கள் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் பாய்ந்து விழுத்துவார்களே, அதுதான். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது யாரோ வீட்டு விளையாட்டு. இங்கே ஹைஸ்கூலில் ஒரு ஆசிரியை நிலானியின் தோளைப் பார்த்துவிட்டு, வா என்று கூட்டிக்கொண்டு போனாள். பிறகு பல்கலைக்கழக அணி, மாகாண அணி, தேசிய அணியின் பயிற்சி முகாம் என்று போய்க்கொண்டே இருந்தாள். அவள் நிற்பது முன்வரிசையில். அந்த இடத்துக்கு ப்ரொப் என்று பெயர். இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்கள். அதை ஸ்க்ரம் என்கிறார்கள். பின்னால் நிற்பவர்களின் பலம் முழுவதும் ப்ரொப்பின் முதுகு வழியாகத்தான் முன்னால் போகவேண்டும். மெலிந்தவளுக்கு அங்கே இடம் இல்லை.

ஒருமுறை புருவம் வெடித்து, கண் வீங்கி வந்தாள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை எக்ஸ்ரே எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் வந்து என் பக்கத்தில் இருந்து, வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, சரியான பயம் என்றேன். எங்கள் தெருவில் அப்போது அடுத்தடுத்துக் கார்க் களவு. எவ்வளவு காலமாக என்றாள். பனி தொடங்கியதிலிருந்து என்றேன். உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அவர்தான் வீட்டைச் சுற்றிக் கமரா பூட்டி, நாங்கள் போகிற வருகிறதை எல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கனடாவில் இவ்வளவு நல்ல மனிதர்களா என்று நான் நெகிழ்ந்துபோனேன். வெளியே வந்த நிலானி, சங்கதி விளங்கி, வீங்கிய கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தாள். றக்பி என்று கேட்டதும் நேர்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் அடித்த காயத்தோடு ஒரு பெண் கோயிலுக்கு வந்தால், எங்கள் ஆட்கள் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். விளையாடி வாங்கிய காயத்தோடு வந்தால் கேட்காத ஆள் இல்லை. எனக்கு அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான்; மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. அவளுக்கு மட்ச் சனிக்கிழமைகளில். பருப்பும் கீரையும் தின்றுவிட்டு மறுநாள் அந்தத் தள்ளுமுள்ளுக்குள் போகமுடியாது. இங்கே அநேகமான தமிழ் வீடுகளில் போல எங்களுக்கும் கராஜுக்குள் இரண்டாவது அடுப்பு ஒன்று உண்டு. மீன் மணம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு, ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு, வெளியே பனி கொட்டக் கொட்ட ஆட்டிறைச்சி வதக்கினேன். இவர் கதவடியில் வந்து நின்றார்.

“வெள்ளிக்கிழமையிலையும் மச்சமோ?”

“கராஜ் வீட்டுக் கணக்கிலை சேராது. நான் றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் காய்ச்சுறன். அவரும் மெலிஞ்ச ஆள் இல்லை.”

இவர் உள்ளே போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே வெங்காயம் உரித்துத் தந்தார்.

போன வருடம் இங்கிலாந்தில் ஒரு தொழில்முறைக் கழகம் அவளைக் கேட்டது. சம்பளம், வீடு எல்லாம் தருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஆகஸ்ட் மாதம் அவர்களுடைய கோச் முன்னால் நிற்கும்போது, அவர்கள் சொன்ன நிறையும் பலமும் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து அவள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நாளில் வந்து நின்றது. அதே கோடையில்தான் இவருடைய தமக்கை, என் மச்சாளின் மகள் ஷாலினிக்குக் கலியாணம். நிலானிதான் தோழி. தோழிப் பெண்களுக்குச் சென்னையிலிருந்து ஒரே மாதிரி சேலையும் தைத்த பிளவுஸும் வந்தன. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் மச்சாள் வீட்டில் எல்லோரும் போட்டுப் பார்த்தார்கள். நிலானிக்குப் பிளவுஸின் கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. மச்சாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“கோவிக்காதை. கலியாணத்துக்குள்ளை ஒரு பதினைஞ்சு பவுண் நிறை இறக்கச் சொல்லு. இல்லாட்டி ஃபோட்டோவிலை கலியாணப் பொம்பிளையை மறைச்சுப்போடும்.”

நான் சொல்லவில்லை. ஆனால் யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். காலையில் மெஷினில் ஏறிவிட்டு அவள் பெருமூச்சு விடுவது நின்றது. ஒருநாள் அவளுடைய காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பின்சீற்றுக்குக் கீழே, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கப்படாமல் கிடந்தன. பின்னேரம் அவளை இருத்திவைத்துக் கேட்டேன்.

“ஷாலினி இஸ் மை ஒன்லி கசின், அம்மா. அவளின்ரை வெடிங்கை நான் ஸ்பொயில் பண்ண ஏலாது. ஆகஸ்ட்டுக்குள்ளை திருப்பி ஏத்துவன்.”

“ஏத்தேலாட்டி?”

“தென் ஐ டோன்ற் கோ.”

“ஏறாமல் போய் நிண்டால்?”

அவள் தன் பின்கழுத்தைத் தடவினாள். “லைற்றாப் போய் ஸ்க்ரமுக்குள்ளை நிண்டால் இதுதான் போகும்.”

மைதானத்தில் யாரையும் பார்த்துப் பின்வாங்காத பிள்ளை, ஒரு பிளவுஸுக்குப் பயந்து கழுத்தைப் பணயம் வைக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அடுத்த ஞாயிறு இவரையும் கூட்டிக்கொண்டு பிக்கரிங்குக்குப் போனேன்.

“மச்சாள், நிலானி தோழியா நிப்பாள். நிறை இறங்காது. பிளவுஸைத்தான் பெருப்பிக்கவேணும்.”

“சனம் என்ன சொல்லும்?”

“சொல்லட்டும். சனத்தின்ரை வாய் என்ரை பிள்ளையின்ரை கழுத்தைத் தாங்காது.”

“பொம்பிளைப் பிள்ளைக்கு உவ்வளவு பலம் என்னத்துக்கு?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் கண்ணுக்கு முன்னால் வந்தது யாழ்ப்பாணம் முழுவதும் போருக்குப் பயந்து ஒரே பாதையில் இடம்பெயர்ந்த அந்த மழைநாள். எனக்குப் பதினாறு வயது. ஐயாவுக்குக் காலில் காயம். சைக்கிள் கரியரில் தம்பியையும் ஹாண்டிலில் அரிசிச் சாக்கையும் வைத்து, முழங்கால் தண்ணீருக்குள்ளால் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். பக்கத்தில் வந்தவர்கள், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்களே என்று ஐயாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இந்தத் தோள் ஒரு பெண்ணுக்குக் கூடாது என்று அந்தப் பாதையில் ஒருவரும் சொல்லவில்லை. ஓடும்போது தேவைப்பட்ட பலம், ஊர் மாறி வீடு வாங்கி உட்கார்ந்த பிறகு எப்படி அசிங்கமானது? இதைத்தான் மச்சாளிடம் கேட்டேன், கொஞ்சம் பலமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொல்ல முன்னர் இவர் வாய் திறந்தார். தமக்கைக்கு முன்னால் குரல் உயர்த்தி அறியாத மனிதர். “அக்கா, உங்கடை கலியாண வீட்டுக்கு நாங்கள் மூண்டு பேரும் வருவம். இல்லாட்டி மூண்டு பேரும் வரேல்லை.”

படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷாலினி இறங்கி வந்தாள். “அம்மா, நிலானி என்ரை பக்கத்திலை நிக்கிறாள். தட்ஸ் இற்,” என்றாள். மச்சாள் தேத்தண்ணி போடப் போனார். அந்தத் தேத்தண்ணியில் சீனி இல்லை. இருந்தாலும் குடித்தோம்.

ஸ்காபரோவில் ஒரு தையல்காரி அந்தப் பிளவுஸைப் பிரித்து, இரண்டு பக்கமும் துணி கொடுத்துத் தைத்தாள். கலியாணத்தன்று நிலானி பெண்ணுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நின்றாள். கையின் மேற்பகுதியில் ஊதா நிறத்தில் ஒரு கன்றல் காயம். படப்பிடிப்பாளர் பொடியன், சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு அனுப்புவதற்காக என்னைப் படம் எடுத்தபோது, கொழும்பில் ஸ்டூடியோக்காரர் அதையேதான் சொன்னார். தங்கச்சி, தோளைக் கொஞ்சம் குறுக்குங்கோ என்றார். குறுக்கினேன். அந்தப் படத்தில் இருக்கிற ஒடுங்கிய பெண்ணைப் பார்த்துத்தான் இவர் சம்மதித்தார். விமான நிலையத்தில் வந்து இறங்கியவளைப் பார்த்து, படத்தைவிட நீர் நல்லாய் இருக்கிறீர் என்றதும் இவர்தான்.

“தம்பி, மூடவேண்டாம். உள்ளபடி எடும்,” என்றேன். எடுத்தான்.

ஆகஸ்டில், ஆள் பார்க்கக் கனடாவுக்கு வந்த அந்தக் கழகத்தின் கோச் முன்னால் அவள் நின்றாள். கேட்டதற்கு மேலேயே இருந்தாள். செப்டெம்பரில் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினாள். இந்தத் தொழிலுக்கு ஆயுள் குறைவு, ஒரு முழங்கால் போனால் முடிந்தது, பிறகு என்ன செய்வாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கம்பியூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளையை யாரும் இப்படிக் கேட்பதில்லை, அந்த வேலையும் ஒரே நாளில் போகிறது. பிறகு என்ன செய்வாள் என்று எனக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். போர்க்காலத்தில் அகதியாகப் போன என் அண்ணாவை லண்டன் விமான நிலையத்தில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்குச் சோறு போடவேண்டி வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாடும் யோசித்து யோசித்துத்தான் கதவைத் திறந்தது. அதே இங்கிலாந்து இன்றைக்கு என் பிள்ளையை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று கூப்பிட்டிருக்கிறது. எனக்கு அது பெருமைதான். அடக்கிக்கொள்ளப் போவதில்லை.

முதல் மட்ச் ஒரு சனிக்கிழமை. எங்களுக்குக் காலை. இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரிவிக்கு முன்னால் சோபா நுனியில் இருந்தார். அங்கே மழை கொட்டியது. வர்ணனையாளர் நிலானியைக் கனடாக்காரி என்றார், பிறகு அவளுடைய குடும்பப் பெயராக இருக்கிற என் மாமனாரின் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னார். காங்கேசன்துறையை விட்டுக் கடைசிவரை அசையாத மனிதரின் பெயர் அது. இரண்டு அணிகளும் குனிந்தன. நிலானியின் தலை, எதிரணிக்காரிகள் இரண்டு பேரின் தலைகளுக்கு நடுவே போய் மறைந்துவிட்டது. முகம் தெரியவில்லை. சேறு அப்பிய முதுகு மட்டும் தெரிந்தது. ஸ்க்ரமை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தறியாத இவர் பதறிப்போனார்.

“தலை எங்கை?”

“அங்காலை, மற்ற ஆக்களுக்குள்ளை.”

“கால்?”

“இஞ்சாலை, தன்ரை ஆக்களோடை.”

“ஐயோ, பிறகு?”

“பிறகென்ன? தள்ளுறாள், பாருங்கோ.”