கோழி வலைக்கு ஒரு சோடி மேஸ்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்பதை என் மனைவி கல்யாணமான முதல் கிழமையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதை நானே கண்டுபிடிக்க முப்பது வருடமும் ஒரு சோடி மேஸும் தேவைப்பட்டன.

மேஸ் என்றால் சப்பாத்துக்குள் போடுகிற காலுறைதான். ஆனால் கடையில் வாங்கியது அல்ல, கையால் பின்னியது. பின்னுகிறவர் சரவணையில் இருக்கும் ஒரு ரீச்சர். ஓய்வு பெற்றதும் இலண்டனில் இருக்கிற மகளிடம் போய், இரண்டு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, நாலு பின்னல் ஊசிகளோடு திரும்பி வந்தவர். இங்கே கம்பளி போட்டால் கால் அவிந்துவிடும் என்று பருத்தி நூலில் பின்னத் தொடங்கினார். பின்னியதை விற்க மாட்டார். மாற்றுத்தான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாட்டிக் கடற்கரையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி ஓலைப்பெட்டி கொண்டுவருவாள், ஒருத்தி தும்புக் கால்மிதி, ஒருத்தி நூலில் பின்னிய மேசை விரிப்பு. பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வார்கள். காசைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. வாங்கிய பொருளை அந்த இடத்திலேயே எல்லாருக்கும் முன்னால் பாவித்துக் காட்ட வேண்டும். விசிறி என்றால் விசிற வேண்டும், பாய் என்றால் விரித்து அதில் இருக்க வேண்டும். போன மாதம் வாங்கியது அலுத்துப்போனால் இந்த மாதம் அதையே இன்னொருத்தியிடம் மாற்றலாம்.

இந்தக் கடைசிச் சட்டத்துக்கு என் மனைவிதான் மகாராணி. அவள் பின்னும் பனையோலைப் பெட்டிகளுக்குத் தீவகத்தில் இணையில்லை என்று நான் சொல்வேன், நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? ஆனால் மாற்றாக வீட்டுக்கு வருகிற எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் தங்காது. ஒருமுறை நான் ஆசையாகச் சாப்பாட்டு மேசையில் விரித்த விரிப்பு, அடுத்த மாதம் கால்மிதியாக மாறி, அதற்கடுத்த மாதம் விசிறியாகி, கடைசியில் அவளே முன்பு பின்னிய பெட்டியாகத் திரும்பி வந்து சேர்ந்தது. "நல்ல பெட்டி, ஆரோ வடிவாப் பின்னியிருக்கினம்" என்று அதைத் தட்டிப் பார்த்தாள்.

முதுகு மக்கர் பண்ணத் தொடங்கியபின் நான் கடலுக்குப் போவதில்லை. ஊர்காவற்றுறையில் வீட்டில் இருந்தபடியே மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்துகிறேன். சனிக்கிழமை மட்டும் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சாட்டிக்குப் போய், எட்டத்தில் இருந்து வேடிக்கை பார்ப்பேன். அப்படி ஒரு நாள்தான் ரீச்சர் தன் முதல் மேஸ் சோடியை எடுத்து விரித்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"ரீச்சர், உந்த மேஸைப் போட்டுக்கொண்டு ஆர் எங்கை போறது? நண்டுக்குக் குளிருதாமோ?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரீச்சர் மட்டும் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பொடியனைப் பார்க்கிற பார்வை. அன்றைக்கு அந்த மேஸை ஒருத்தரும் மாற்றவில்லை. அதற்கு நான்தான் காரணம்.

இப்போது என் மனைவியின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் குசினி முழுக்க இரத்தப் பொட்டுகளைக் கண்டு, பூனை எதையோ கடித்துக்கொண்டு வந்துவிட்டது என்று அந்தப் பூனையை ஏசிக்கொண்டு நின்றாள். இரத்தம் அவளுடைய காலிலிருந்து வந்துகொண்டிருந்தது. சிப்பி ஓடு ஒன்று வெட்டியிருக்கிறது, அவளுக்குத் தெரியவேயில்லை. புண் ஆறாமல் இழுபட்டு, கடைசியில் இடது காலின் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள்.

கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கடையில் விற்கிற, இறுக்கமான ரப்பர் உள்ள மேஸ் ஆகாது. மெத்தென்ற, தளர்வான பருத்தி மேஸ் போட்டு அதற்கு மேல் செருப்புப் போட வேண்டும். இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது.

அவளோ செருப்பைக் கண்டாலே முகத்தைச் சுளித்தாள். "போட்டால் ஆரின்ரையோ கால் மாதிரிக் கிடக்கு" என்றாள். விரல் போன விஷயத்தை ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மாதாவின் படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். சாட்டியில் இருக்கும்போதும் இடது காலைச் சேலைக்குள் மடித்து வைத்தபடியேதான் இருப்பாள்.

ஒரு மத்தியானம் கிணற்றடிச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போன நான் ஒரு காலை வைத்துவிட்டுத் துள்ளிப் பின்னால் வந்தேன். அப்படிக் கொதித்தது.

"இஞ்சேரும், உமக்குச் சுடேல்லையோ?"

"இல்லையே. நிழல்தானே?" என்றாள், குனிந்தும் பாராமல்.

நிழல் அவளைவிட்டுப் போய் எவ்வளவோ நேரம். முப்பது வருடம் கடலுக்குப் போனவன் நான், காற்றுக்கும் அலைக்கும் அப்படிப் பயந்ததில்லை. அன்று பின்னேரமே சரவணைக்குப் புறப்பட்டேன்.

"ரீச்சர், ஒரு சோடி மேஸ் வேணும்."

"நண்டுக்கோ?" என்றார் ரீச்சர்.

எனக்கு வேண்டியதுதான். "இல்லை, என்ரை மனுசிக்கு."

"அவவுக்கு என்ன, குளிரோ?"

மாதாவின் படத்துக்கு முன்னால் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. "சும்மா ஆசைப்படுறா ரீச்சர். பெட்டி பின்னித் தருவா."

"அவவின்ரை பெட்டி என்னட்டை ஒன்பது கிடக்கு. உந்தப் பெட்டியளை வைக்கவே இனி ஒரு பெட்டி வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உமக்கு வலை கட்டத் தெரியுமெல்லே? என்ரை கோழிக்கும் குஞ்சுகளுக்கும் சுத்திவர ஒரு வலை கட்டித் தாரும். பருந்து ஒரு பக்கம், கீரி ஒரு பக்கம், என்னாலை ஏலாமல் கிடக்கு."

கோழிக்கு வலையா! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ரீச்சர், என்ரை வலையிலை பாரை விழும், அறுக்குளா விழும். கோழிக்குக் கட்ட நான் பழகேல்லை."

"ஒண்டும் விழத் தேவையில்லை தம்பி. உள்ளுக்கை நிண்டால் போதும்."

"முட்டைக்காகத்தானே வளர்க்கிறியள்? சந்தையிலை வாங்கலாமே."

"நான் சைவம். முட்டையும் தொடமாட்டன்."

"அப்ப என்னத்துக்குக் கோழி?"

"பள்ளிக்கூடம் விட்டாச்சு. ஏசுறதுக்கு ஆள் வேணுமெல்லே?"

இந்த மனுசியோடு கதைக்க ஏலாது என்று விறுக்கென்று வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். புளியங்கூடல் வரைக்கும் ரீச்சரைத் திட்டிக்கொண்டே போனேன். அங்கே வந்ததும் அந்தக் கிணற்றடிச் சீமெந்து ஞாபகத்துக்கு வந்தது. திருப்பிக்கொண்டு வந்து, படலைக்கு வெளியே நின்றபடியே "எத்தினை முழம்?" என்று கேட்டேன்.

ஐந்து நாள் இருந்து கட்டினேன். புது நைலோன் நூல். கோழிக்கென்றாலும் என் கையால் போவது, கேவலமாய் இருக்கக்கூடாது. வலையில் கண்ணின் அளவு எனக்கு ஒரு மானப் பிரச்சினை. சின்னக் கண் வலை போட்டுக் குஞ்சு குருமானையெல்லாம் வாரி அள்ளிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. என் வலையின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் மூன்று விரல் தாராளமாய் நுழையும். குஞ்சு போகட்டும், பெருத்து வரட்டும். முப்பது வருடம் அந்த அளவில் கட்டிய கை, வேறு என்ன அளவில் கட்டும்? நான் யோசிக்கவேயில்லை.

வலையைக் கொண்டுபோன அன்று மனைவியும் வந்தாள், செருப்போடுதான். நாலு தடி நட்டு, சுற்றிவரவும் மேலேயும் வலையை இழுத்துக் கட்டி, தாய்க்கோழியையும் பதினொரு குஞ்சுகளையும் உள்ளே விட்டோம்.

"ஆனை வந்து முட்டினாலும் அறாது ரீச்சர்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

முதலாவது குஞ்சு ஒரு கண்ணுக்குள்ளால் தலையை நீட்டியது. என்னை ஒருதரம் பார்த்தது. பிறகு வெளியே வந்து நின்றது. அதற்குப் பின்னால் மற்றதுகள் பூசை முடிந்து கோயிலால் வருகிற சனம் மாதிரி ஆற அமர ஒவ்வொன்றாய் வந்தன. என் வலை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பெரியது உள்ளே, குஞ்சுகள் வெளியே. உள்ளே தாய்க்கோழி ஊரைக் கூட்டியது. மேலே பருந்து வட்டமிட்டது.

"ஐயோ முருகா!" என்று ரீச்சர் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் தவழ, என் மனைவி "உந்தச் செருப்போடை ஓடேலாது" என்று இரண்டையும் உதறி எறிந்துவிட்டு வளவின் பின்பக்கம் பாய்ந்தாள். அங்கே நிலம் முழுக்க நெருஞ்சி.

"காலைப் பாரும்! காலைப் பாரும்!" என்று கத்தினேன்.

"நீங்கள் குஞ்சைப் பாருங்கோ!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

ரீச்சர் வீட்டுக்குள் ஓடி அந்த ஒன்பது பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிடித்த குஞ்சுகளை அதற்குள் போட்டு மூடினோம். பத்து இருந்தது. பதினோராவதைக் காணோம். காணாமற்போனதைத் தேடித் தருகிற அந்தோனியாரை என் மனைவி சத்தம்போட்டுக் கூப்பிட்டாள். அவர் அதை என் ஹெல்மெட்டுக்குள் வைத்திருந்தார். அது அதற்குள் கழித்தும் வைத்திருந்தது.

மனைவி வெற்றியோடு வாசல் படியில் வந்து இருந்தாள். மூச்சு வாங்கியது, சேலை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியிருந்தது. ரீச்சரின் கண் அவள் காலுக்குப் போனது. உள்ளங்கால் முழுக்க முள். இடது காலில் நாலு விரல். மனைவி அவசரமாய்ச் சேலையை இழுத்து விட்டாள், ஆனால் பிந்திவிட்டது.

ரீச்சர் உள்ளே போய்த் தண்ணீரும் முள்ளுவாங்கியும் எடுத்துக்கொண்டு வந்தார். நிலத்தில் இருந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு முள்ளாய் எடுத்தார். மனைவி குஞ்சு பிடித்த கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தாள், முள் எடுபடுவது யாருடைய காலிலோ என்பது போல. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலையைச் சரிபார்க்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

"தம்பி" என்றார் ரீச்சர் கடைசியில். "உம்முடைய வலை பிழை."

"ஓம் ரீச்சர்."

"ஒரு விரல் கண் வைச்சுக் கட்டிக்கொண்டு வாரும். அதுக்குப் பேந்துதான் மேஸ்."

அந்தக் காலைப் பார்த்த பிறகும் மாற்று மாற்றுத்தான் என்கிறாரே, இந்த மனுசிக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று வழி முழுக்கப் பொருமினேன். பின்னால் இருந்த மனைவி வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள்: "இனி எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நான் சாட்டிக்கு வரேல்லை."

நல்லகாலம், அந்த முட்காயங்கள் ஆறிவிட்டன. நான் ஒவ்வொரு நாளும் அவள் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாவித்துப் பழகாத சின்னக் கண்ணோடு மல்லுக்கட்டி இரண்டாவது வலையையும் முடித்தேன். ரீச்சர் சோதனைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பேப்பர் பொதியைத் தந்தார்.

வீட்டில் வந்து பிரித்தோம், கத்தரிப்பூ நிற மேஸ். மனைவி வலது காலுக்குப் போட்டாள், அளவாய் இருந்தது. இடது கால் மேஸைக் கையில் எடுத்தவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் வெளிப்பக்க நுனி உள்ளே சரிந்து, ஒடுங்கிப் போயிருந்தது.

"பார்த்தீரோ? கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கோணலாய்ப் பின்னி வைச்சிருக்கிறா. என்ரை வலையைப் பிழை எண்டவ! இப்பவே கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கிறன்" என்று குதித்தேன்.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றாள்.

போட்டாள். விரல் இல்லாத இடத்தில் தொங்கவும் இல்லை, சுருங்கவும் இல்லை, அவள் காலை அப்படியே பிடித்துக்கொண்டது. ரீச்சர் முள் எடுத்த நேரம் முழுக்க அந்தக் காலை அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். மனைவி அந்த ஒடுங்கிய நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். நான், அதிசயம்தான், ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. நான் கேட்காமலே உடுத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளடியில் வந்து நின்றாள். சாட்டியில் பாயில் போய் இருந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து, கத்தரிப்பூ நிறக் கால்கள் இரண்டையும் நடுவில் நீட்டினாள். ரீச்சர் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தார்.

விசிறி பின்னுகிறவளுக்குக் கண் அதிலேயே. "என்ன வடிவு! அக்கா, நீங்கள் ஒண்டையும் ஒரு மாதத்துக்கு மேலை வைச்சிருக்கிறேல்லையெல்லே? அடுத்த மாதம் எனக்கு மாத்துங்கோ. மூண்டு விசிறி தாறன்."

என் மனைவி இடது காலைக் கொஞ்சம் தூக்கி, எல்லாருக்கும் தெரிய விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

"ஏலாது பிள்ளை. இது நாலு விரலுக்குப் பின்னினது. உங்களுக்கெல்லாம் ஒண்டு கூடக் கிடக்கு."